மாத மளிகையில் தொடங்கும் எடைக் குறைப்பு

நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம். 5 லிட்டருக்கு 4,550 கிராம். அதை நாலு பேருக்கும் 30 நாளுக்கும் பங்கு போட்டால் தலைக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், அதாவது 340 கலோரி. அதே வீடு 3 லிட்டரில் மாதத்தை ஓட்டினால் தலைக்கு 23 கிராம், 205 கலோரி. வித்தியாசம் 135 கலோரி. 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேக நடை போட்டால் கூடுதலாகச் செலவாவது இதைவிடக் கொஞ்சம் குறைவுதான். நடப்பதற்கு அரை மணி நேரம் வேண்டும். இதற்கு மளிகை லிஸ்ட்டில் 5 என்று எழுதும் இடத்தில் 3 என்று எழுதினால் போதும்.

வேலைக்கும் போய், பிள்ளைகளின் பள்ளி, டியூஷன், வீட்டுப் பெரியவர்களின் செக்கப் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு எடை குறைக்க நினைப்பவர்களிடம் இல்லாத பொருள் நேரம். அதனால் நேரம் கேட்காத மாற்றங்களை முதலில் செய்துவிட வேண்டும் என்பது என் கட்சி. பெரும்பாலானவர்கள் தலைகீழாகப் போகிறார்கள். காலை ஐந்து மணி ஜிம், ஒருவருக்கு மட்டும் தனியாக ஓட்ஸ், தனியாக சாலட் என்று ஆரம்பிக்கிறார்கள். தனிச் சமையல் என்றால் சமைக்கிறவருக்கு இரட்டை வேலை. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்த வாரமோ, ஆபீஸில் மாதக் கடைசியோ வந்தால் முதலில் விழுவது அந்தத் தனிச் சமையல்தான். எல்லோருக்கும் பொதுவாக அடுப்பில் ஏறும் பாத்திரத்தை மாற்றினால் எவ்வளவு மோசமான நாளிலும் அது ஓடும். வீட்டில் மற்றவர்களுக்கும் நல்லதே. வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் சோறும் நெய்யும் குறைக்க வேண்டாம், அதைத் தட்டில் கூட்டிக்கொள்ளலாம்.

யாருக்குக் குறைய வேண்டும்

நம் நாட்டவருக்குப் பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். வெளிநாட்டு ஆப்களில் 25-ம் 30-ம் இருக்கும். அந்த அளவுகோல் நமக்குப் பொருந்தாது. காரணம், ஒரே எடையில் நம் உடம்பில் கொழுப்பு அதிகம், தசை குறைவு. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் புனேயின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் டாக்டர் ஜான் யுட்கின் இருவரும் தங்களையே அளந்து ஒரு பக்கக் கட்டுரை போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். "நான் ஒல்லிதான், தொப்பை மட்டும்தான்" என்கிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

ஆகவே இடுப்புச் சுற்றளவையும் சேர்த்து அளக்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. பேண்ட் அளவை நம்பாதீர்கள். தொப்பை போடப் போட பெல்ட் கீழே இறங்கிக்கொண்டே போகும். பத்து வருடமாக 34 பேண்ட் போடுகிறவரின் தொப்புள் மட்டத்தில் 40 அங்குலம் இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, வயிற்றை உள்ளிழுக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டபின் அளக்கவும். சட்டைக்கு மேல் அளப்பது வேண்டாம்.

எவ்வளவு குறைய வேண்டும் என்றால் முதல் இலக்காக இப்போதைய எடையில் 5 முதல் 7 சதவீதம் போதும். 75 கிலோ என்றால் 4 முதல் 5 கிலோ. கல்யாண போட்டோவில் இருந்த எடைக்குத் திரும்ப வேண்டும் என்று இறங்குகிறவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள். எடை அதிகம் இறங்காவிட்டாலும் முயற்சி வீணாவதில்லை. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தவர்கள் உணவை ஒழுங்குபடுத்தி நடைப்பயிற்சியும் செய்ததில் மூன்று ஆண்டுகளில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் சராசரி எடை பெரிதாக மாறவே இல்லை.

எண்ணெய், அரிசி, பருப்பு

எண்ணெயை மாதக் கணக்கில் குறைத்தால் மாதக் கடைசியில் தெரியும். நாள் கணக்கு வேண்டுமானால் காலையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தலைக்கு 20 கிராம் வீதம், நாலு பேருக்கு 80 கிராம், அதாவது கிட்டத்தட்ட 90 மில்லி ஊற்றி வைத்துவிடுங்கள். தாளிப்பு, தோசை, பொரியல் எல்லாம் அதிலிருந்தே. பாட்டிலிலிருந்து நேராக வாணலியில் ஊற்றுவதுதான் அளவு தப்பும் இடம். செக்கு எண்ணெய், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், நெய் எதுவானாலும் கிராமுக்கு ஏறக்குறைய 9 கலோரிதான். செக்கில் ஆட்டியது என்பதற்காகத் தாராளமாக ஊற்றினால் அதே தொப்பைதான் வரும்.

எண்ணெய் குறைந்தால் முதலில் கிளம்பும் புகார், குழம்பு ருசிக்கவில்லை என்பது. வெங்காயம் வதங்கும்போது கூடவே உப்பைப் போட்டு, அடிப்பிடிக்கும் சமயத்தில் ஒவ்வொரு கரண்டியாகத் தண்ணீர் தெளித்து வதக்கினால் பாதி எண்ணெயிலேயே நன்றாக வதங்கும். பொரியலுக்குக் காயை மூடி போட்டு ஆவியில் வேகவைத்துவிட்டு, கடைசியில் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தாளித்துக் கொட்டலாம். தோசை ஒட்டுகிறது என்றால் பல நேரம் எண்ணெய் குறைந்ததால் அல்ல, மாவு ஃப்ரிட்ஜ் குளிரோடு கல்லில் விழுந்ததால். அரை மணி நேரம் முன்னால் மாவை வெளியே எடுத்து வைத்து, கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, எண்ணெய் தொட்ட அரை வெங்காயத்தால் தேய்த்துவிட்டு ஊற்றிப் பாருங்கள். அப்பளத்தைச் சுட்டுவிடலாம். வீட்டில் குறைத்த எண்ணெயைச் சாயங்காலம் பஜ்ஜிக் கடையில் ஈடுகட்டினால் மொத்தக் கணக்கும் போச்சு.

அடுத்தது அரிசி. சமைத்த சோற்றைத் தட்டில் அளக்க யாராலும் முடியாது. அரிசியைக் களையும் முன் அளப்பது சுலபம். 300 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் இடையில் கிடைக்கும் சமையலறை எடை மெஷின் ஒன்று வாங்கி, உங்கள் வீட்டு டம்ளரில் எத்தனை கிராம் பிடிக்கிறது என்று ஒரே ஒருமுறை எடை போட்டு, அந்த எண்ணை அரிசி டப்பா மூடியில் எழுதி ஒட்டுங்கள். பெரியவர் ஒருவருக்கு மதியத்துக்கு 75 கிராம் அரிசி போதும். வெந்தால் 200 கிராமுக்குச் சற்று மேல் சோறு, சுமார் 265 கலோரி. பல வீடுகளில் தலைக்கு 125 கிராம் முதல் 150 கிராம் வரை விழுகிறது. ஒரேயடியாக இறக்காமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 15 கிராம் வீதம் குறைத்தால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

அரிசியைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காவிட்டால் நாலு மணிக்குக் கை தானாக மிக்சர் டப்பாவுக்குப் போகும். பலருடைய டயட் அங்கேதான் முடிகிறது. நம் சாப்பாட்டில் மாவுச்சத்துதான் ஆட்சி செய்கிறது. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தினர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து 2025-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், இந்தியர்களின் மொத்தக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று வந்தது. குறைவது புரதம்.

70 கிலோ ஆளுக்கு, எடை குறையும் காலத்தில் தசை கரையாமலிருக்க, நாளைக்கு 75 முதல் 85 கிராம் புரதம் வேண்டும். சாதாரண சைவச் சாப்பாட்டை எண்ணிப் பாருங்கள். மூணு இட்லியில் 6 கிராம், சாம்பாரில் 4, மதியச் சோற்றில் 6 முதல் 8, பருப்பில் 5, ஒரு கப் தயிரில் 3, நாள் முழுக்கக் குடிக்கும் டீ, காபிப் பாலில் 9, ராத்திரி தோசையில் 8. தட்டுத்தடுமாறி 45-ஐ நெருங்கும். பாக்கி 30 கிராமை எப்படி ஏற்றுவது என்பதுதான் எடைக் குறைப்பின் நடுக்கேள்வி என்று நினைக்கிறேன். சாம்பாருக்குத் தலைக்கு 15 கிராம் துவரம்பருப்பு போடும் இடத்தில் 35 கிராம் போட்டால் 4 கிராம் கூடும். இரண்டு முட்டை 12. ஒரு கப் சுண்டல் 9. இன்னும் ஒரு கப் தயிர் 3. முட்டை சாப்பிடாதவர்கள் 25 கிராம் சோயா உருண்டையைக் கூட்டிலோ பிரியாணியிலோ போட்டால் 13 கிராம் கிடைக்கும். மீனோ தோலில்லாத கோழியோ சாப்பிடும் நாளில் 100 கிராமுக்கு 20 கிராம் வரும். அன்றைக்குக் கவலை இல்லை. ஆனால் வறுக்காமல் குழம்பாக வையுங்கள்.

சுண்டலுக்குத் தினமும் ஊறவைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 250 கிராம் கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, திங்கள் காலை குக்கரில் உப்போடு வேகவையுங்கள். 550 கிராமுக்கு மேல் வரும். ஐந்து டப்பாவாகப் பிரித்து இரண்டை ஃப்ரிட்ஜிலும் மூன்றை ஃப்ரீசரிலும் வைத்தால் வாரம் முழுக்க ஆபீஸுக்கு ஆயிற்று. காலையில் வெளியே எடுத்தால் மதியத்துக்குள் பனி விட்டுவிடும். தாளிக்காமல் வெங்காயம், மாங்காய், எலுமிச்சை போட்டுச் சாப்பிடலாம். மூன்றாம் நாள் ஃப்ரிட்ஜ் சுண்டலில் நுரையோ புளித்த வாடையோ வந்தால் தயங்காமல் கொட்டிவிடவும். இந்தச் சுண்டலை ஆறு மணிக்கு ஆபீஸிலேயே சாப்பிட்டுவிட வேண்டும், இது முக்கியம். பசியோடு வீட்டுக்கு வந்து, தோசை ஊற்றும் வரை நின்றுகொண்டே கொறிக்கும் மிக்சரும் முறுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சமமாகிவிடும். 30 கிராம் மிக்சரே 150 கலோரியைத் தாண்டும்.

ராத்திரிக்கு அடை நல்ல ஆயுதம். வழக்கமான அடையில் அரிசி தூக்கல். அதைப் புழுங்கலரிசி ஒரு டம்ளர், கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, உளுந்து எல்லாம் சேர்த்து இரண்டு டம்ளர் என்று மாற்றுங்கள். மூணு மணி நேரம் ஊறினால் போதும், கொரகொரப்பாக அரைத்து அப்படியே ஊற்றலாம். புளிக்கவைக்கும் வேலை இல்லை. பருப்பு கூடினால் அடை வறண்டு மரக்கட்டை மாதிரி ஆகும். துருவிய சுரைக்காயோ முருங்கைக் கீரையோ ஒரு கை போட்டு, மூடி வைத்துச் சின்னத் தீயில் வேகவிட்டால் எண்ணெய் விடாமலே மெத்தென்று வரும். அரைத்த மாவு ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும்.

சிறுதானியம் பற்றி நிறையப் பேருக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. 100 கிராம் அரிசியில் 356 கலோரி, கம்பில் 348, சாமையில் 346, கேழ்வரகில் 321. நார்ச்சத்து இருப்பதால் வயிறு நிறையும், சர்க்கரை மெதுவாக ஏறும், நல்லதுதான். ஆனால் "சாமைச் சோறுதானே" என்று இரண்டாம் முறை போட்டுக்கொண்டால் குறைய ஒன்றுமில்லை. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றுக்கும் இதே கதை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை வைத்துக் கொள்ளு ரசம் குடித்தால் கொழுப்பு கரையும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கொள்ளு வேகவைத்த தண்ணீரால் எதுவும் கரையாது. 100 கிராம் கொள்ளில் 22 கிராம் புரதம் இருக்கிறது. அதைச் சுண்டலாகவோ துவையலாகவோ சோற்றின் இடத்தில் வைத்தால் பழமொழி பலிக்கும்.

டீ, காபி. நாளைக்கு நாலு தடவை, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம், 160 கலோரி. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் கொடுத்த வழிகாட்டி நாளைக்கு 20 முதல் 25 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது. இரண்டு வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் இறக்கினால் நாக்கு பழகிவிடும். பால் பாக்கெட்டும் பார்க்க வேண்டும்: ஆவினில் ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு, நீலத்தில் 3. நாளைக்கு 400 மில்லி பால் உள்ளே போகிறவருக்கு ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு மாறினாலே 100 கலோரி குறையும்.

அம்மாக்களுக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு. பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த அரை தோசை, நெய் போட்டுப் பிசைந்த நாலு வாய்ப் பருப்புச் சோறு, டிஃபன் பாக்ஸில் திரும்பி வந்த பாதிச் சப்பாத்தி. வீணாகக் கூடாதே என்று வாயில் போடுவது எந்த ஆப்பிலும் ஏறாது, உடம்பில் மட்டும் ஏறும். பிள்ளைக்கு முதலில் பாதி அளவே வைத்து, கேட்டால் மறுபடி வைப்பதுதான் இதற்கு வழி. மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் உங்கள் பங்கில் கழித்துக்கொள்ளலாம்.

உடற்பயிற்சி: துண்டு துண்டாக

சாப்பாட்டில் எடை குறையும். பயிற்சி இல்லாவிட்டால் குறைவதில் கணிசமான பங்கு தசையாக இருக்கும். அப்புறம் எடை திரும்பி வரும்போது கொழுப்பாக வரும். ஆகவே பயிற்சி கட்டாயம், நீளமாக இருப்பது கட்டாயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் கேட்கிறது. முன்பெல்லாம் குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்றிருந்தது. அந்த நிபந்தனையை இப்போது எடுத்துவிட்டார்கள். மூணு மாடி ஏறியதும் சேரும்.

நடைக்கு நேரம் எங்கே என்றால், ஏற்கெனவே காத்திருந்து கழிக்கிற நேரத்தில். பாட்டு கிளாஸ், டியூஷன் வாசலில் வண்டி மேல் உட்கார்ந்து மொபைலைத் தள்ளும் 45 நிமிடம் போதுமானது. பேச மட்டுமே வேண்டிய ஆபீஸ் கால்களை நடந்துகொண்டே பேசலாம். மதியம், ராத்திரி சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் நடப்பது சர்க்கரைக்காரர்களுக்கு மிக நல்லது. அப்போதுதான் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், கால் தசை அதை இழுத்துக்கொள்ளும். காலையில் பார்க்கில் நாலு ரவுண்டு நடந்துவிட்டு வாசலில் போண்டாவும் டீயும் சாப்பிடும் கோஷ்டி ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. நட்புக்கு நல்லது, எடைக்கு நஷ்டக் கணக்கு.

தசைக்கு வாரம் மூன்று நாள், தலா 20 நிமிடம். குக்கர் வைத்து, ஆவி அடங்குவதற்குள் முடிந்துவிடும். வேண்டியது ஒரு நாற்காலி, சமையல் மேடை, பழைய ஸ்கூல் பை, அதற்குள் வைக்க அரிசிப் பாக்கெட்.

முதலாவது, உட்கார்ந்து எழுவது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, விரல்கள் லேசாக வெளிப்பக்கம் பார்க்க, மூணு எண்ணும் நேரம் எடுத்து இறங்கி, சீட்டைத் தொட்டவுடன் குதிகாலை அழுத்தி எழ வேண்டும். முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது. முழங்கால் வலி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். வலி இருந்தால் சீட்டில் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள்.

இரண்டாவது, தண்டால். தரையில் முடியாதவர்கள் சமையல் மேடை விளிம்பில் செய்யலாம். மேடை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, கையை ஊன்றி, காலைப் பின்னால் வைத்து, தலை முதல் குதிகால் வரை ஒரே கோடாக இறங்கி ஏற வேண்டும். முழங்கை உடம்பிலிருந்து 45 டிகிரியில் இருக்கட்டும். நேர் பக்கவாட்டில் விரித்தால் தோள் பிடித்துக்கொள்ளும். மேடையில் 12 சுலபமானதும் கட்டில் விளிம்பு, அப்புறம் தரை.

மூன்றாவது, பையை இழுப்பது. பையில் 5 கிலோ அரிசி. ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, முதுகைப் பலகையாக நீட்டிக் குனிந்து, மறு கையால் பையை இடுப்பெலும்பு பக்கம் இழுக்கவும். தோளை நோக்கி இழுத்தால் கழுத்துதான் வலிக்கும். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் கூனி உட்காருகிறவர்களுக்கு நாலில் இதுதான் மிக அவசியம்.

நான்காவது, குனிந்து தூக்குவது. பையை இரண்டு கையால் பிடித்து, புட்டத்தைப் பின்னால் தள்ளி, முழங்காலைக் கொஞ்சமே மடக்கி, முதுகு வளையாமல் பை கெண்டைக்கால் வரை இறங்கி ஏற வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் கேனை மாற்றும்போது இதே அசைவில் தூக்கிப் பழகினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் தொல்லையும் குறையும்.

முதல் இரண்டையும் மாற்றி மாற்றி மூணு சுற்று, பிறகு அடுத்த இரண்டையும் அப்படியே. கால் வேலை செய்யும்போது கைக்கு ஓய்வு கிடைத்துவிடும். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை. இன்னும் இரண்டு செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். மூணு சுற்றிலும் 12 வந்துவிட்டால் பையில் 2 கிலோ ஏற்றவும். ஏற்றாமல் ஆறு மாதம் அதே 5 கிலோவையே இழுத்தால் தசைக்கு வேலை இல்லை. முதல் வாரம் ஒரே ஒரு சுற்று. உற்சாகத்தில் முதல் நாளே மூணு சுற்று போட்டு, மறுநாள் படி இறங்க முடியாமல் அதோடு விட்டவர்கள் ஏராளம். ஒன்றிரண்டு நாள் தசை இறுக்கமாக வலிப்பது சகஜம்; மூட்டில் சுருக்கென்று குத்தினால் அந்த அசைவை நிறுத்துங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

தூக்கம்

பயிற்சிக்காகத் தூக்கத்தை வெட்டுவது வேண்டாத வியாபாரம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2010-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், பத்துப் பேருக்கு ஒரே குறைந்த கலோரி உணவு கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், வேறொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்க வைத்தார்கள். எடை இரண்டு தடவையும் சுமார் 3 கிலோ குறைந்தது. ஆனால் கொழுப்பு முதல் முறையில் 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டுமே. மிச்சமெல்லாம் தசை உள்ளிட்ட கொழுப்பில்லா எடை. ராத்திரி பதினொன்றரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு ஜிம்முக்கு அலாரம் வைப்பவர்கள் அலாரத்தை அணைத்துவிட்டு, சாயங்காலம் 20 நிமிடம் ஒதுக்குவது மேல்.

நைட் ஷிஃப்ட்காரர்கள் கிளம்பும் முன் ஏழு, எட்டு மணிக்கு முழுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, நடுராத்திரிக்கு மேல் முட்டை, சுண்டல், மோர் என்று சிறிதாக வைத்துக்கொள்ளலாம். கேன்டீன் ஃப்ரைட் ரைஸ் அந்த நேரத்தில் தூக்கத்தையும் கெடுக்கும், சர்க்கரையையும் ஏற்றும். படுக்கும் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே கடைசிக் காபி.

தராசு காட்டும் எண்

காலையில் பாத்ரூம் போய்வந்து, எதுவும் குடிக்கும் முன், தினமும் ஒரே இடத்தில் டைல்ஸ் மேல் தராசை வைத்து ஏறுங்கள். பாய், கார்பெட் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். அன்றன்றைய எண்ணைப் பார்த்துச் சந்தோஷமோ சோர்வோ வேண்டாம். ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாவுச்சத்து உடம்பில் சேமிக்கப்படும்போது கிராமுக்குச் சுமார் மூணு கிராம் தண்ணீரையும் பிடித்துவைக்கும், உப்பும் அப்படியே. கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் ஒன்றரை கிலோ ஏறியிருந்தால் அது கொழுப்பு அல்ல, மூணு நாளில் இறங்கிவிடும். முதல் வாரம் இரண்டு கிலோ இறங்குவதும் பெரும்பாலும் தண்ணீர்தான். பெண்கள் மாதவிலக்கை ஒட்டிய வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும். வாரத்துக்கு 300 முதல் 500 கிராம் இறங்கினால் நல்ல வேகம்.

மூணு வாரச் சராசரியும் இடுப்பளவும் அசையாவிட்டால் முதலில் சனி, ஞாயிறைப் பாருங்கள். ஐந்து நாள் தினம் 500 கலோரி மிச்சம் பிடித்தால் 2,500. வாரக் கடைசியில் பிரியாணி, மாலில் ஐஸ்கிரீம், ராத்திரி பரோட்டா என்று நாளைக்கு ஆயிரம் கூடினால் 2,000 போய்விட்டது, கையில் 500தான். பிரியாணியை விட வேண்டியதில்லை. அதைச் சாப்பிடும் நாளில் காலை டிஃபனை இரண்டு முட்டையாக்கி, ராத்திரி அடை ஒன்றோடு முடிக்கலாம். அடுத்து டம்ளரைப் பாருங்கள். தலை தட்டி அளந்தது எப்போதோ கோபுரமாகியிருக்கும். இரண்டும் சரியாக இருந்தால் ஒரு வேளை அரிசியை 75-லிருந்து 60 கிராமாக்கி, நடையில் தினம் 2,000 காலடி கூட்டுங்கள். எடை குறையக் குறைய உடம்பு செலவழிப்பதும் குறையும் என்பதால் இப்படி நடுவில் ஒருமுறை இறக்க வேண்டிவருவது இயல்பு. பட்டினி கிடப்பது இதற்குத் தீர்வில்லை.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள்

சர்க்கரை நோய்க்குக் கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அரிசியைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்ட பிறகே சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மேலே சொன்ன புரத அளவைத் தாங்களாக எடுக்கக் கூடாது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி. உடனே குடித்தால் மாத்திரை சரியாக உடம்பில் சேராது. தைராய்டால் ஏறும் எடை பொதுவாகச் சில கிலோதான், பதினைந்து கிலோவுக்கு அதைப் பழி சொல்ல முடியாது. 2025-லிருந்து இங்கேயும் கிடைக்கும் எடைக் குறைப்பு ஊசிகளை டாக்டர் சொல்லிப் போடுகிறவர்களுக்குப் பசி அடங்கிப் போவதால் புரதம் உள்ளே போவதே குறையும். அவர்களுக்கு அந்த 5 கிலோ பை மற்றவர்களைவிட அவசியம். பிபி மாத்திரைக்காரர்கள் நாலைந்து கிலோ இறங்கியதும் ஒருமுறை பிபி பார்த்துவிட வேண்டும். உட்கார்ந்து எழும்போது தலை சுற்றினால் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பழைய எடைக்கு எழுதிய மாத்திரை இப்போது அதிகமாகியிருக்கலாம்.